வெட்டுக்குத் தப்பிய விரல்கள்: முள்ளியவளையில் ஒரு கலியாணப் படம்

2009க்குப் பிந்திய வன்னியின் ஒளிப்படங்களை ஆய்வாளர்கள் இரண்டாக வகுத்தே பேசிவந்துள்ளனர். வயலில் இறங்கும் உழவு இயந்திரம், புதுக் கூரை, பள்ளிச் சீருடை என்பன மீட்சியின் படங்கள். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்தும் முகங்கள் இழப்பின் படங்கள். அன்றாட வாழ்வு முன்னதில் மட்டுமே உண்டு என்பது இவ்வகுப்பின் உட்கிடை. அது பிழை என்று கருதுகிறேன். முள்ளியவளையில் ஒரு தாய் பார்க்கத் தந்த ஒரு படமே அதற்கு என் ஆதாரம்.

முல்லைத்தீவில் 2017 மார்ச் 8இல் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு அவர் கொண்டுசென்ற படம் அது. 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் கையளித்த மகனின் முகம். பின்புலம் வெறும் நீலம். இத்தகைய நீலத்தை முந்தைய ஆய்வுகள் காலத்திலிருந்து ஆளைப் பிரித்துத் திருவுருவாக்கும் செயலாக வாசித்தன. முகத்தின் மங்கலை நினைவின் தேய்வு என்றன.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்கவில்லை. மங்கல் சதுரம் சதுரமாக உடைந்திருக்கிறது. மூலப்படம் 2004இல், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமையில், தங்கையின் கலியாணத்தில் எடுத்தது. ஏ9 வீதி திறந்திருந்த காலம்; ஒரு பிரதி கனடாவிலிருந்த மாமனுக்குப் போனது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. வீட்டு அல்பம் முள்ளிவாய்க்காலோடு போயிற்று. மனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின், மாமன் தன் பிரதியைக் கைபேசியில் படமெடுத்து வைபரில் அனுப்பினார். அதையே ஸ்ரூடியோவில் பெருப்பித்தார்கள். அந்தச் சதுரங்கள் படம் வந்த வழியின் தடயம்; மறதிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

நீலமும் அப்படியே. அடையாள அட்டைக்கு வெட்டுவதுபோலத்தான் முகத்தை வெட்டி நீலத்தில் வைத்ததாக ஸ்ரூடியோக்காரர் சொன்னார். இந்தத் தாய் 2010 முதல் ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் படிவம் நிரப்பியவர். அலுவலரிடம் நீட்டி, இவரைத் தேடித் தாருங்கள் என்று கேட்பதற்கான படம் இது. திருவுருவாக்கம் என்பதற்கு நேரெதிராக, அலுவலக மேசைக்கென்றே செய்யப்பட்டது. இன்னொன்றும் உண்டு. இறந்தவரின் படமென்றால் பொட்டும் மாலையுமாகச் சுவரில் ஏறும். இந்தப் படத்துக்கு மாலை இல்லை. அலுமாரியில், பங்கீட்டு அட்டையும் மருத்துவக் கொப்பியும் வைக்கும் அதே பையில் இருக்கிறது. அன்றாடத்தின் இடம் இதைவிட வேறு எது?

ஒரே படத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பார்கள். எண்ணிக்கை இங்கு கேள்வியல்ல. ஒரு படம் இரு வகையிலும் அடங்குமானால் வகுப்பே ஆட்டங்காண்கிறது. தாயின் நினைவில் ஆண்டு பிசகியிருக்கலாம் என்போருக்கு, வற்றாப்பளைப் பொங்கலைக் கொண்டு நாள் கணிக்கும் ஊரில் அப்படிப் பிசகுவது அரிது என்பதே பதில். எல்லாப் படங்களும் கலியாண வீட்டிலிருந்து வந்தவை என்று நான் கூறவில்லை. ஆனால் போர்நிறுத்த ஆண்டுகளில் கலியாணத்தையும் சாமத்தியச் சடங்கையும் எடுத்த உள்ளூர்ப் படப்பிடிப்பாளர்களே இன்றைய போராட்டப் படங்கள் பலவற்றின் மூலகர்த்தாக்கள் என்பதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. மீட்சியைப் படமெடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். இந்த உள்ளூர்ப் படப்பிடிப்பாளர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது எனக்கு ஆறாத குறை.

வெட்டியவர் ஓர் இடத்தில் தவறவிட்டிருக்கிறார். மகனின் இடத் தோளில் மூன்று விரல்கள், ஒன்றில் மோதிரம், நகங்களில் மருதோன்றி. மணப்பெண்ணான தங்கையின் கை. வெயிலில் வெளிறிய படத்துக்குப் பதிலாகப் புதுப்பிரதி எடுக்கப் போனபோது, அந்த விரல்களை அழித்துத் தரலாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். தாய் விடவில்லை. விசாரணையில் யாராவது கேட்டால், கைக்கு உரியவள் உயிரோடு இருக்கிறாள், வந்து சொல்லுவாள் என்றாராம்.