கூரையிழந்த புத்தரும் மன்னிப்பின் கல்லும்

டோக்கியோவிலிருந்து தெற்கே புகையிரதத்தில் ஒரு மணி நேரப் பயணம். கமாகுராவில் இறங்கி, வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசுவதுபோல் ஓடும் எனோடென் என்ற சிறு புகையிரதத்தில் ஏறினால் மூன்றாவது தரிப்பிடம் ஹசே. அங்கிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் இருக்கிறது கோதோகு-இன் விகாரை. உலகமே அங்கு செல்வது அதன் பெரும் புத்தர் சிலையைப் பார்க்கத்தான். நான் சென்றதோ ஒரு கல்லைப் பார்க்க. நம் நாட்டவர் ஒருவரின் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்தப் பெயரோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருந்தது.

வாசலில் வைக்கப்பட்டிருக்கும் அறிவிப்பு பழையது. 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளே அதனைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். வருபவர் யாராயினும், எந்த மார்க்கத்தினராயினும், தலைமுறைகளின் வழிபாட்டினால் மதிப்புப் பெற்ற இடம் இது என்பதை மனதிற்கொண்டு மரியாதையோடு உள்ளே வருமாறு அது கேட்கிறது. வணங்க அல்ல, வரலாற்றைப் பார்க்க வந்த என்னையும் அது வெளியே நிறுத்தவில்லை.

சிலையின் கதை 13ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கமாகுரா அப்போது இராணுவ ஆட்சியாளர்களின் தலைநகர். ஜோகோ என்ற துறவி மக்களிடம் நன்கொடை திரட்டினார். முதலில் எழுந்தது மரச்சிலை. 1243இல் நிறைவுற்ற அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1252இல் வெண்கல வார்ப்பு வேலை ஆரம்பமாயிற்று. இன்று நாம் காண்பது அதைத்தான். பீடம் நீங்கலாக உயரம் 11.3 மீற்றர், எடை 121 டொன். சீனத்திலிருந்து வந்த செப்புக் காசுகளை உருக்கியே இதனை வார்த்திருக்க வேண்டும் என்று உலோகத்தைச் சோதித்த ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உள்ளே வெறும் கூடு. சில நாணயங்களைக் கொடுத்துவிட்டு நுழைந்தால், அடுக்கடுக்காக வார்த்து ஏற்றிய பொருத்துகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வெளியே, கன்னத்தில் பழைய பொன் இலையின் சுவடு இன்னும் மங்கலாக ஒட்டியிருக்கிறது.

இந்தச் சிலைக்கு ஒரு காலத்தில் பெரிய மண்டபம் இருந்தது. 1334இலும் 1369இலும் புயல்கள் அதனைச் சாய்த்தன. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் புத்தர் வெயிலிலும் மழையிலும்தான் அமர்ந்திருக்கிறார். 1923இன் பெருநிலநடுக்கத்தில் பீடம் சிதைந்தது; திருத்தினார்கள். 1960-61இல் கழுத்தை உட்புறமாகப் பலப்படுத்தினார்கள். மண்டபத்தை மட்டும் மீண்டும் கட்டவில்லை. அதன் தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் பல இன்றும் வளவில் கிடக்கின்றன. அவற்றுட் சில தோட்டக் கற்களாகிவிட்டன. பைன் மரங்களின் கீழே அவற்றைப் பார்க்கிறவருக்கு, இவை ஒரு காலத்தில் ஒரு கூரையைச் சுமந்தவை என்று தோன்றாது.

இந்தத் தோட்டத்தில்தான் நான் தேடி வந்த கல்லும் நிற்கிறது. 1991 ஏப்ரலில் நிறுவப்பட்டது. அதிலுள்ள பெயர் ஜே. ஆர். ஜயவர்தன.

காரணம், சன்பிரான்சிஸ்கோ. இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்ய 1951 செப்டெம்பரில் நாடுகள் அங்கு கூடின. சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகளான இலங்கையின் நிதியமைச்சராக ஜயவர்தன செப்டெம்பர் 6ஆம் திகதி பேசினார். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. யுத்தத் தேவைக்காக நமது இரப்பர் மரங்கள் அளவு மீறிக் கீறப்பட்டுப் பாழாகியிருந்தன. நட்டஈடு கேட்கும் உரிமை நமக்கு இருந்தது. கேட்கப்போவதில்லை என்றார் அவர். வெறுப்பை ஆற்றும் மருந்து வெறுப்பு அல்ல என்ற பொருள்படும் புத்தரின் போதனையைத் தமது நியாயமாகச் சொன்னார். செப்டெம்பர் 8ஆம் திகதி ஜப்பானுடன் 48 நாடுகள் கையெழுத்திட்டன. ஜப்பானியர் அந்தப் பேச்சை மறக்கவில்லை. கல் அதன் சாட்சி.

என் வழக்கு இங்குதான். அதே ஜயவர்தனவின் ஆட்சிக் காலத்தில்தான் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கடல் கடந்து சொல்லத் தெரிந்த வார்த்தை சொந்த வீட்டில் ஏன் அவருக்கு எழவில்லை? அந்தத் தீ பிறகு யார் யார் கைக்கோ மாறியது. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். வாப்பா கடையைப் பூட்டிய சாவியோடு புத்தளம் வந்து சேர்ந்தார். நாங்கள் அகதிக் குடிசையில் முதலாவது நோன்புப் பெருநாளைக் கழித்த அந்த 1991 ஏப்ரலில்தான், இங்கே மன்னிப்புக்கு நன்றி சொல்லும் கல்லைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. யாருக்காக யார் மன்னிப்பது? ஜப்பானின் கீழ் மிகக் கடுமையாகத் துன்புற்ற சீனாவும் கொரியாவும் சன்பிரான்சிஸ்கோவுக்கு அழைக்கப்படவில்லை. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் குடியேற்ற நாடாகக் கிடந்தது. இலங்கை தனது கடனைத் தள்ளுபடி செய்யலாம். பிறர் கடனை அல்ல.

அந்தக் கேள்விக்குரிய பதிலும் அதே வளவில் இருந்ததை அங்கு சென்ற பிறகே உணர்ந்தேன். சிலைக்குப் பின்புறத் தோட்டத்தில், சந்திரனைப் பார்க்கும் மண்டபம் என்ற பொருளுடைய கங்கெட்சுதோ என்ற சிறு மரக் கட்டடம் நெடுங்காலம் நின்றது. அது ஜப்பானியருடையதல்ல. கொரியாவின் ஜோசொன் அரச மரபோடு தொடர்புடையது. 1920களில் ஒரு ஜப்பானியச் செல்வரின் கைக்கு வந்து, பின்னர் இந்த விகாரைக்கு அன்பளிப்பானது. அதைத் திருப்பித்தர விகாரையே முன்வந்தது. கட்டடத்தை ஒவ்வொரு மரமாக, ஒவ்வோர் ஓடாகக் கழற்றிக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். 2025 ஜூனில் கொரிய அரசின் மரபுரிமைத் துறை அதனை உலகுக்கு அறிவித்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஒரு வீடு வீடு திரும்பியிருக்கிறது.

நான் சென்றபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. அங்குதான் அதிக நேரம் நின்றேன்.

வாப்பாவை நினைத்தேன். "மன்னிச்சாச்சு மகன்" என்று புத்தளத்தில் அடிக்கடி சொல்வார். ஆனால் யாழ்ப்பாணத்தின் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். 2002இல் பாதை திறந்ததும் அவரை வற்புறுத்தித்தான் கூட்டிச் சென்றேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு நிலைகளும் இல்லை. சுவருக்குள்ளே பூவரசு முளைத்திருந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்ப நினைக்கையில், பக்கத்து வளவு அக்கா உம்மாவின் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இதையாவது காப்பாத்தித் தர முடிஞ்சுது நானா" என்றார். பன்னிரண்டு வருடம் அதைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார் போலும், பளபளத்தது. அன்று வாப்பா அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவர் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

மன்னிப்பை ஒருவர் தனியாகச் சொல்லிவிடலாம். அது நிறைவுறுவதற்கு மறுபக்கத்திலிருந்து ஒன்று திரும்பி வர வேண்டியிருக்கிறது. அது மண்டபமாக இருக்கலாம், குடமாகவும் இருக்கலாம். ஜயவர்தனவின் கல் பாதி வாசகம்தான். மற்றப் பாதியை அந்த வெற்றுத்தரை சொல்கிறது. நம் நாட்டில் அந்தக் கல்லைப் பற்றிப் பெருமையோடு பேசுவோர் பலர். அந்த வெற்றுத்தரையைப் பற்றியும் பேசினால் நல்லது.

வெளியேறும்போது நடைபாதைச் சுவரில் பிரமாண்டமான ஒரு சோடி வைக்கோற் செருப்பைக் கண்டேன். ஒவ்வொன்றும் 1.8 மீற்றர் நீளம். இபராகி மாகாணத்துப் பிள்ளைகள் பின்னித் தந்தவை. யுத்தத்தில் நொந்துபோன நாட்டை இந்தப் புத்தர் எழுந்து நடந்து ஆற்ற வேண்டும் என்ற ஆசையில் முதற் சோடியைக் கொடுத்தார்கள். அது 1951ஆம் ஆண்டு. சன்பிரான்சிஸ்கோவில் பெரியவர்கள் கூடிய அதே ஆண்டு. 1956 முதல் மூன்று ஆண்டுகளுக்கொருமுறை புதுச் சோடி வந்துகொண்டிருக்கிறது.

புத்தர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் பின்னுவதையும் நிறுத்தவில்லை.