சந்திரனில் தொலைந்த மூலைக்கண்ணாடி

இரண்டு முகக்கண்ணாடிகளைச் செங்கோணமாகச் சேர்த்து நிறுத்தி அவற்றின் நடுவே நோக்குவோர்க்கு, தம் முகம் இடவலம் மாறாமல் தோன்றும். ஒரு கண்ணாடி மாற்றியதை மற்றது மீண்டும் மாற்றிவிடுவதே காரணம். அடியிலும் ஒன்றை வைத்து மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக்கினால் அது மூலைக்கண்ணாடியாகும். கதிரின் போக்கை இடவலம், முன்பின், மேல்கீழ் என மூன்றாகப் பிரித்துக் காண்க. ஒவ்வொரு கண்ணாடியும் அவற்றுள் ஒன்றைத் திருப்புகிறது. ஆகவே மூன்றிலும் பட்ட கதிர் வந்த திசைக்கே மீளும். கண்ணாடி சற்றே சாய்ந்திருந்தாலும் அது பிறழாது. மிதிவண்டியின் பின்புறச் சிவப்பு வில்லையில் இத்தகைய சிறு மூலைகள் பல உள.

1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் இவ்வகை மூலைகள் 100 கொண்ட பலகையொன்றைச் சந்திரனில் வைத்தனர். ஆகஸ்டு 1ஆம் நாள் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் அதிலிருந்து மீண்ட லேசர் ஒளியைக் கண்டது. ஒளி போய்வர ஏறத்தாழ இரண்டரை வினாடி ஆகும். அந்நேரத்தை நுட்பமாக அளந்தே, சந்திரன் ஆண்டுதோறும் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை அறிஞர் கணித்தனர்.

சோவியத்து நாட்டின் கண்ணாடிக்கு வேறு கதை. 1970 நவம்பர் 17இல் சந்திரனில் இறங்கிய லூனகோத் 1 என்னும் ஊர்தி, பிரான்சு நாட்டில் செய்த 14 மூலைகளைச் சுமந்து சென்றது. தொடக்கத்தில் அதிலிருந்து ஒளி மீண்டதுண்டு. 1971 செப்டம்பர் 14இல் ஊர்தியின் வானொலித் தொடர்பு அற்றது. அது நின்ற இடமும் திட்டமாகத் தெரியவில்லை. பூமியிலிருந்து செல்லும் லேசர்க் கற்றை சந்திரனில் சில கிலோமீட்டர் அகலமே விரியும். குறி தவறினால் மறுமொழி வராது. கண்ணாடிதான் கெட்டதோ, இடந்தான் தவறோ என்று துணிய வழியில்லை. இரண்டு ஐயங்களும் ஒரே மௌனமாகத்தானே தோன்றும்!

2010 மார்ச்சில், சந்திரனைச் சுற்றிவந்த அமெரிக்க விண்கலம் எடுத்த படங்களில் ஊர்தி புலப்பட்டது. அதுவரை தேடிய இடமோ பல கிலோமீட்டர் தள்ளியிருந்தது. ஏப்ரல் 22இல் நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்திலிருந்து டாம் மர்பி குழுவினர் லேசர் செலுத்தினர். முதல் முயற்சியிலேயே ஏறத்தாழ 2,000 ஒளித்துகள்கள் மீண்டன. மின்சாரமும் பேணுதலும் இன்றி நாற்பதாண்டுகளுக்கு அண்மையாகக் கிடந்த அக்கண்ணாடி, 1973இல் சென்ற லூனகோத் 2இன் கண்ணாடியைவிட வலுவாக ஒளியைத் திருப்பியது. அன்றிருந்த ஐந்து கண்ணாடிப் பலகைகளுள் சந்திர வட்டின் விளிம்புக்கு மிக அருகில் இருந்தது இதுவே. சந்திரனின் சிறு அசைவுகளை அளக்க அவ்விடம் பெரிதும் ஏற்றதாயிற்று.