இருபது சைஸ், நாற்பது சைஸ்

கார் ஆயில் குடிப்பதை ஒரு காலத்தில் யாரும் கோளாறாக நினைக்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில் ஓடிய பல வண்டிகளில் ஓட்டுநரின் கண்முன்னே, டேஷ்போர்டில், சிறிய கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். அவற்றின் வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்கும். வேலை முடிந்த ஆயில் எரிந்து புகையாகப் போகும், மிச்சம் ரோட்டில் ஒழுகும். பின்னால் கொஞ்சம் நீலப் புகை வந்தால்தான் ஓட்டுநருக்கு நிம்மதி. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி ஆயிலை உள்ளேயே சுற்ற வைத்தது. ஆனால் அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. வண்டிக்கு அடியில் குனிந்து, மேலும் கீழுமாக இருந்த இரண்டு சிறு குழாய்களைத் திறக்க வேண்டும். கீழ்க் குழாயில் ஆயில் வந்து, மேல் குழாயில் வராமல் இருந்தால் சரி.

அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் புகை குறைந்தது, கரி குறையவில்லை. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டி, வால்வை அரைத்து உட்கார வைப்பது கார் வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான செலவு. மெட்ராஸில் மவுண்ட் ரோடு கம்பெனிகளின் ஒர்க்‌ஷாப்புகளிலும் இதுவே அன்றாட வேலை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களின் பின்னால் கரி அடுப்பு ஏறியது. கரியை அரைகுறையாக எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் இந்த கேஸ் பிளான்டுகளை மதுரையின் டி.வி.எஸ். நிறுவனமே செய்து விற்றது. பெட்ரோல் மிச்சமானது உண்மைதான், இன்ஜின்தான் அதற்கு விலை கொடுத்தது. வடிகட்டிக்குத் தப்பிய சாம்பல் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரான போரையும் உப்புத்தாள் போலத் தேய்த்தது. யுத்தம் முடிந்தபோது இப்படித் தேய்ந்த வண்டிகள் பெட்ரோலுக்குத் திரும்பின, புகையோடு.

புது வண்டி வாங்கித் தப்பித்துக்கொள்ள வழி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1953-ல் டாரிஃப் கமிஷன் பரிந்துரையை ஏற்று மத்திய அரசு எடுத்த முடிவு அந்த வழியை அடைத்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாமல், வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்றார்கள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சியவற்றில் முக்கியமானவை மூன்று: உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. புது காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கையில் இருந்த பழைய செவ்ரோலே, டாட்ஜ், ஆஸ்டினைத்தான் எப்படியாவது ஓட்ட வேண்டும். மெட்ராஸின் ஜி.பி. ரோட்டில் புது உதிரி, புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியின் உதிரி, இரண்டிலும் கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்வது என்று ஊர் பழகியது. 1949-ல் செம்பியத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமம் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் இல்லாமல் இந்தப் பழக்கம் இவ்வளவு வேரூன்றியிருக்குமா என்பது சந்தேகம். பிஸ்டனும் ரிங்கும் உள்ளூரிலேயே கிடைத்ததால்தான் தேய்ந்த இன்ஜினைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்க முடிந்தது.

அந்தப் பட்டறைகளுக்கு அதிகம் படியளந்தது அம்பாசடர். 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை மாடலை அடியொற்றி வந்த இந்தக் காருக்குச் சீக்கிரமே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் பொருத்தப்பட்டது. நின்ற இடத்தில் ஆயில் சொட்டாத அம்பாசடரைப் பார்த்தவர்கள் குறைவு. காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இப்போதைய வண்டிகளில் ரப்பர் சீல் இருக்கும். அந்த மூன்று பேரிங் இன்ஜினில் அப்படி எதுவும் இல்லை. ஷாஃப்டிலேயே மரைபோல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளே தள்ளிவிடும். இன்ஜின் நின்றதும் அதுவும் வேலையை நிறுத்திவிடும்.

ரிங் தேய்ந்தால் இந்த ஏற்பாடு திணறும். சிலிண்டரில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். மெக்கானிக்குகள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். அந்த அழுத்தம் ஆயிலைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளும், கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு அது வழுக்கும். காருக்கு அடியில் ஒழுகலும் பின்னால் நீலப் புகையும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள். இது புரியாமல் கேஸ்கெட்டாக மாற்றிப் பணத்தை இறைத்த முதலாளிகள் ஏராளம்.

புரிந்த மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைப்பார். ரயில் இன்ஜின்போல விட்டு விட்டுப் புகை கையில் அடித்தால் ரிங். மூடியில் ஒன்றுமில்லை, ஆனால் மேட்டுப்பாளையம் பாதையில் மலை இறங்கி வந்து, அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் குப்பென்று நீலப் புகை வருகிறது என்றால் சந்தேகம் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு மீது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கும்போது இன்டேக்கில் வெற்றிடம் உச்சத்துக்குப் போகும், தேய்ந்த கைடு வழியாக அது ஆயிலை உறிஞ்சும். இந்த இன்ஜினில் வால்வுத் தண்டின் சின்ன ரப்பர் வளையங்கள் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடுவதும் உண்டு. அதைச் சரிசெய்ய ஹெட்டைக் கழற்றினால் போதும், போர் வேலை தேவையில்லை.

அப்போதும் ஐயம் தீராவிட்டால் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் பார்ப்பார்கள். பிறகு அதே துளையில் ஒரு ஸ்பூன் அளவு ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஆயில் தற்காலிகமாக ரிங்கின் இடைவெளியை அடைக்கும். கேஜின் முள் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. “சார், ரிங் போயிருச்சு” என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. இதையெல்லாம் பார்க்காமலே அதைச் சொன்னவர்களும் உண்டு, பெரிய வேலைக்குப் பெரிய கூலி.

வெள்ளைப் புகை வேறு கதை. பிரீமியரின் ஃபியட் 1100-க்கு அலுமினிய ஹெட். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஓட்டிச் சூடேற்றினால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் ஊதி, தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை. ஹெட்டை எடுத்துக்கொண்டு நேரே ஃபேஸிங் பட்டறைக்குத்தான்.

ரிங் என்று முடிவான இன்ஜின் பிரிந்து பெஞ்சுக்கு வந்ததும் மெக்கானிக் போரின் உச்சியில் விரல் நகத்தால் கீழிருந்து மேலாக வருடுவார். மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்துக்கு மேலே தேயாத ஒரு விளிம்பு நின்றிருக்கும். நகம் அதில் தட்டும். தட்டு லேசாக இருந்தால் விளிம்பைச் சீவிவிட்டு ரிங் மட்டும் மாற்றலாம். சீவாமல் புது ரிங் போட்டால் அது விளிம்பில் மோதி உடையும். நகம் பலமாகத் தட்டினால் பிளாக் போர் பட்டறைக்குப் போகும்.

அங்கே கணக்கெல்லாம் ‘தௌ’வில். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது சைஸ் என்றால் சிலிண்டரை 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போடுவது. சில ஆண்டுகள் கழித்து நாற்பது, அதற்கும் பிறகு அறுபது. ஸ்டாண்டர்டு சைஸில் 73.025 மில்லிமீட்டர் இருந்த அம்பாசடர் சிலிண்டர் அறுபதில் 74.5-ஐத் தாண்டும். 1489 சி.சி. கணக்குப்படி 1552 ஆகிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய எண்ணே இருக்கும்.

போர் முடிந்து ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுவது வெறும் மெருகு வேலை இல்லை. அந்தக் கீறலில் ஆயில் தங்கினால்தான் ரிங் உட்காரும். பிறகு ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். 8 முதல் 12 தௌ இருக்க வேண்டும். குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முட்டிக்கொள்ளும். அரம் போட்டு ராவ வேண்டியதுதான். வண்டியைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்கிய பிறகு ரன்னிங் இன். இதில்தான் பலர் தவறினார்கள். பூப்போல ஓட்ட வேண்டும் என்று மணிக்கணக்கில் ஐட்லிங்கில் வைத்திருந்தால் போர் கண்ணாடிபோல மினுங்கி, ரிங் உட்காராமல், அத்தனை செலவுக்குப் பிறகும் புகை வரும்.

போர் செய்யக் காசில்லாதவர்களுக்குக் கெட்டி ஆயில். விற்கப்போகும் வண்டியில் கியர் ஆயில் கலந்து புகையை அமுக்கும் புரோக்கர்களை எல்லா ஊரும் அறியும். விவரமானவர்கள் அதனால்தான் விடியற்காலையில் போய், ஆறிய இன்ஜினைத் தங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள்.

1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் புகைக்கு வரம்பு வைத்தன. பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. டீசலுக்கு, புகையின் அடர்த்தியைக் காட்டும் ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65. நல்ல விதிதான், ஓட்டை பெரிது. கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் கலவையைப் பொறுத்தது, எரிகிற இன்ஜின் ஆயிலை அது காட்டிக்கொடுக்காது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கிக் கலவையைக் குறைத்துவிட்டால், பின்னால் நீலமாகக் கக்குகிற காரும் சான்றிதழோடு வெளியே வரும். எரியாத ஹைட்ரோகார்பனையும் பெட்ரோல் வண்டிகளில் அளக்கத் தொடங்கியது 2004-ல்தான்.

அதற்குள் மாருதி வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. ஏர் ஃபில்டர், ஆயில், சீல் எல்லாமே தேறியிருந்ததால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஹெட்டைக்கூடத் தொடாத கார்கள் சாதாரணமாயின. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. போர் பட்டறைகளின் பெஞ்சில் இப்போது டிராக்டர், ஜெனரேட்டர், இருசக்கர வண்டிகளின் சிலிண்டர்கள்தான் அதிகம். எப்போதாவது பழைய கார் பிரியர் ஒருவர் பிளாக்கோடு வருகிறார். அது ஏற்கெனவே அறுபதைத் தொட்டிருந்தால் மேலும் அறுக்க இரும்பு போதாது. நான்கு சிலிண்டருக்கும் லைனர் இறக்கி, திரும்பவும் ஸ்டாண்டர்டு சைஸுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.