ஏழாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப் பாடத்திட்டம்

கூமாப்பட்டியை இன்று யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டின் நடுவில் ஒரு கைபேசிக் காணொளியால் சில நாட்களிலேயே தமிழகம் முழுவதும் தெரிந்துவிட்ட ஊர் அது. எங்களுக்கோ அது வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில், தென்னையும் நெல்லுமாகக் கிடக்கும் ஊர். என் தங்கையை அங்கேதான் கொடுத்திருக்கிறோம்.

அவளுடைய மகன் ஏழாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. அது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் உரியது. கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தாயிற்று. கடைசியில் தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நீ காலேஜ்ல சொல்லிக்கொடுக்கிறவன்தானே, இவனுக்கு இந்த வருசம் வீட்டுல என்ன சொல்லிக்கொடுக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றாள். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது எளிய வேலை என்று நினைத்தேன். ஒரே இரவில் எழுதி முடித்தேன். காலை எட்டரைக்குத் தமிழ், ஒன்பதேகாலுக்குக் கணிதம், பத்து மணிக்கு ஆங்கிலம் என்று ஏழு பாடவேளைகள், நடுவில் இரண்டு இடைவேளைகள். பள்ளிக்கூடத்தையே மணியோசை மட்டும் நீங்கலாக அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அந்த வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பதினோராம் நாள் அந்தத் தாள் சமையலறையில் டப்பாவுக்கு அடியில் விரிக்கப்பட்டிருந்தது.

நம் முன்னோர் வீட்டில் எப்படிப் படித்தார்கள், யார் திட்டமிட்டார்கள், எதை விட்டார்கள் என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். இக்கட்டுரை அந்தத் தேடலின் ஒரு பகுதி.

*

திண்ணைப் பள்ளிக்கூடம் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வீட்டுக்குள்ளேயே நடந்த கல்வியைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளையும் பிள்ளைகளையும் கணக்கெடுக்கச் சொன்னார். அறிக்கைகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச் மாதம் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலின் வழியாக இந்த எண்கள் நம்மிடையே பரவலாயின. எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்தப் பள்ளிக் கணக்கைத்தான். அதே குறிப்பில் உள்ள இன்னொரு செய்திதான் என்னைக் கவர்ந்தது. சென்னை நகரத்தின் கணக்கில் வீட்டிலேயே படித்த பிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 27 ஆயிரம். பள்ளிக்குச் சென்றவர்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். மன்றோவாலேயே இதை நம்ப முடியவில்லை. கணக்கில் பிழை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஆனாலும் பிற இடங்களிலும் உறவினரோ தனி ஆசிரியரோ வீட்டில் கற்பிக்கும் வழக்கம் இருந்ததை ஒப்புக்கொண்டார். ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளில் பள்ளி செல்வோர் கால்வாசிக்குச் சற்று மேல். வீட்டில் படிப்போரையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவருடைய மதிப்பீடு. கனரா மாவட்டத்திலோ கல்வி பெரும்பாலும் வீடுகளுக்குள் நடப்பதால் பள்ளிக் கணக்கெடுப்பது பயனற்றது என்றே கலெக்டர் எழுதிவிட்டார்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்திற்கும் 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திற்கும் போனது. தமிழ் மாவட்டங்களின் பட்டியல்களில் பள்ளிப் பிள்ளைகளுள் பெரும்பான்மையினர் சூத்திரர் என்று குறிக்கப்பட்டவர்களே. இதைக் கண்டு அக்காலக் கல்வி எல்லோருக்கும் திறந்திருந்தது என்று முடிவுகட்டும் நண்பர்கள் உண்டு. அவ்வளவு வேகம் வேண்டாம் என்பேன். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. பெண்பிள்ளைகள் கணக்கில் விரல்விட்டு எண்ணும்படியே வருகிறார்கள். வாத்தியாரின் நிலையும் பரிதாபம்தான். மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் அவருக்குக் கிடைப்பதில்லை என்று மன்றோவே எழுதுகிறார்.

*

பாடங்களைப் பார்ப்போம். அரிச்சுவடி, எண்சுவடி, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி, தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன் இயற்றிய வெற்றிவேற்கை; மேலே போனால் சதகம், அந்தாதி, நிகண்டு, நன்னூல். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணிக்கு வந்து சேர வேண்டும். முந்திய பிள்ளை பிந்திய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பான், சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இந்தப் பழக்கத்தையும் பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறையையும் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது.

எண்சுவடியை நான் இளங்கலையில் படித்தபோது அது வெறும் வாய்ப்பாடு என்றே நினைத்திருந்தேன். செந்தில் பாபுவின் ஆய்வுகளைப் படித்தபின் அந்த எண்ணம் மாறியது. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், நிலப்பரப்புக்கான குழிமாத்து என்று தனித்தனி வாய்ப்பாடுகள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. சந்தையிலும் களத்துமேட்டிலும் நாள்தோறும் நடக்கும் கணக்கு அப்படியே பள்ளியில் ஓசையாகியது. மனப்பாடம் என்று நாம் இகழ்ந்த அதுவே, தாளும் பேனாவும் இல்லாத உலகில் கணக்கிடும் கருவி. வெளியே அதற்குப் பயன் இருந்தவரை உள்ளே அதற்கு உயிரும் இருந்தது. 1957இல் காசும் பின்னர் எடையும் அளவையும் பதின்மானத்திற்கு மாறியபோது அந்த வாய்ப்பாடுகள் கேட்பாரற்றுப் போயின.

இதற்கிடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் பெரியாழ்வார் கண்ணனின் குழந்தைமையைப் பருவம் பருவமாகப் பாடி, பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு வித்திட்டவர். ஆனால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் இலக்கியம் வயதை எண்ணுவது உலாவில், அதுவும் காதலுக்காக. பன்னிரண்டு வயதுப் பையன் எந்தப் பருவத்திலும் அடங்காதவன். குழந்தை என்றால் கோபப்படுகிறான். பெரியவன் என்றால் அழுகிறான்.

*

அந்த வயதில் வீட்டார் திட்டமிட்டே படிக்கவைத்த ஒரு பையனின் வரலாறு நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை நாம் ஏடு தேடிய கதையாகவே படிக்கிறோம். இம்முறை அதை ஒரு தகப்பனின் கதையாகப் படித்தேன். 1855இல் பிறந்த அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். நிலையான வருமானம் கிடையாது. மகனுக்குத் தமிழில் பற்று உண்டானதும், தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஓர் ஊரில் ஒருவருக்குத் தெரிந்தது தீர்ந்ததும் அடுத்த ஊர். தமிழ் படித்து என்ன சம்பாதிக்கப்போகிறான் என்று உறவினர் கேட்டார்கள். தந்தைக்கும் அதற்கு விடை தெரியாது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அந்த அலைச்சல் ஓயவில்லை.

இதில் பாடத்திட்டம் என்று ஒரு தாளை யாரும் எழுதவில்லை. ஆளைத் தேடினார்கள், பாடம் அந்த ஆளோடு வந்தது. ரெட்டியார் காரிகை வல்லவர், ஆகவே செங்கணத்தில் யாப்பு.

அதன் குறையையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, தான் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதே அவர் கேள்வி. சீவகசிந்தாமணியை அதுவரை ஐயர் படித்திருக்கவில்லை. தகப்பன் எத்தனை ஊர் அலைந்தாலும், அந்த ஆசிரியர்கள் அறியாத ஒன்றை அவர் மகனுக்குக் கொடுத்திருக்க முடியாது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது ஒரு வெளியாளின் கேள்வியால்.

என் தாளை எடுத்து மீண்டும் பார்த்தேன். தமிழுக்கு வாரம் ஒன்பது பாடவேளை, அறிவியலுக்கு மூன்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் பையனின் தலையில்!

*

வீட்டுக் கல்வி என்று பேச்செடுத்தால் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு செய்தி உண்டு. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், ஊர்ப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம் மட்டும். மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் செலவின்றிக் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்க அவர் கண்ட வழி அது. காந்தியின் ஆதாரக் கல்வியின் சாயலும் அதில் உண்டு. ஆனால் சலவைத் தொழிலாளியின் மகன் வீட்டில் எதைக் கற்பான்? குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது; பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் மட்டுமல்ல, காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. விருதுநகரில் பிறந்த அவரே ஆறாம் வகுப்பளவில் பள்ளியை விட்டவர். ஒரு பிள்ளை நடுவில் பள்ளியை விட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 

இதை நான் தங்கையிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் பேசவில்லை. அவளுடைய மாமனார் விவசாயி, கணவர் தேங்காய் வியாபாரி. பையன் வீட்டில் இருந்தால் எதைக் கற்பான் என்ற கேள்வி அவளுக்கு வரலாறு அல்ல.

பள்ளிகள் அடைபட்ட காலமும் நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர்வரை எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குத் தமிழகத்தில் வீடே பள்ளி. கல்வித் தொலைக்காட்சி ஓடியது; கைபேசி உள்ள வீட்டில் பாடம், இல்லாத வீட்டில் வேலை. பின்னர் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருப்பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிக்கொடுத்தபோது, பழைய திண்ணை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. இம்முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது.

*

இரண்டாம் தாளை நாங்கள் மூவரும் உட்கார்ந்து எழுதினோம்: தங்கை, பையன், நான். காலையில் இரண்டு மணி நேரம் அரசுப் பாடநூல்கள். கணிதமும் அறிவியலும் முதலில், ஆங்கிலம் அதன்பின். அறிவியலுக்கு வத்திராயிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை வர ஒப்புக்கொண்டார். வேங்கடசுப்பையரிடம் கற்றது இது: ஆளைத் தேடு. தமிழ் ஞாயிறு மட்டும், தொலைபேசியில், என்னோடு.

கணிதத்தில் பின்னம் அவனுக்கு வராது. மூன்றாவது வாரம் தாத்தாவோடு களத்துக்குப் போனவன், எங்கள் பக்கத்தில் கலம் கிடையாது, கோட்டைதான், ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் என்று கேட்டுவந்து, அரைக்கோட்டை எத்தனை மரக்கால் என்று என்னைக் கேட்டான். பத்தரை என்றேன். "அரை மரக்காலை எதுல மாமா அளக்குறது?" என்றான். அன்று மாலை படியும் உழக்கும் கூடத்துக்கு வந்தன. பின்னப் பயிற்சி முழுவதையும் அரிசியிலேயே போட்டு முடித்தான்; அரிசியைத் திரும்ப அள்ளியதில் தங்கைக்கு அரை மணி நேரம் போயிற்று.

சட்டத்தையும் பார்த்துவைத்தோம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு நிகரான ஒரு நிலை இருக்கிறது. மாநில அரசும் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. கதவுகள் உண்டு என்று தெரிந்ததும் தங்கைக்குத் தூக்கம் வந்தது.

எங்கள் இரண்டாம் தாளிலும் ஒரு கட்டம் காலியாகவே இருக்கிறது. திண்ணையில் முந்தியவன் பிந்தியவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சாமிநாதையருக்கு மாயூரத்தில் உடன்பயின்றோர் இருந்தனர். இவனுக்கு யாருமில்லை. மாலை நான்கரைக்குப் பள்ளிப் பேருந்து தெருமுனையில் நிற்கும்போது இவன் வாசலுக்கு வருவதில்லை. சென்ற வாரம் அடுத்த வீட்டு ஐந்தாம் வகுப்புச் சிறுமி கணக்குப் புத்தகத்தோடு வந்து, அரிசி வைத்துப் பின்னம் சொல்லித்தருவாயாமே என்று கேட்டிருக்கிறாள். அன்று நாழி ஒன்று உடைந்தது என்றும், மறுநாள் அவள் தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்தாள் என்றும் தங்கை சொன்னாள்.