ஒரு வாக்கின் விலை: பிலிப்பைன்ஸ் செனட்டர் ஹோவிட்டோ சலோங்கா

மக்களிடம் வாக்குக் கேட்டு மன்றத்திற்குச் செல்பவர்கள் பலர். அங்கே சென்றபின், அடுத்த தேர்தலை எண்ணாமல் வாக்களிப்பவர்கள் மிகச் சிலரே. நமது அண்டை நாடான பிலிப்பைன்ஸில் அந்தச் சிலரில் ஒருவராக விளங்கியவர் ஹோவிட்டோ சலோங்கா.

1920 ஜூன் 22-ஆம் நாள் மணிலாவை அடுத்த பாசிக் நகரில் அவர் பிறந்தார். தந்தை கிறிஸ்துவ போதகர்; தாயார் சந்தையில் வியாபாரம் செய்தவர். ஜப்பானியர் ஆட்சியை எதிர்த்ததற்காக 1942-இல் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். 15 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எனினும் 1943-இல் மன்னிப்பு வழங்கப்பட்டு விடுதலையானார். மறு ஆண்டே வழக்கறிஞர் தேர்வில், பின்னாளில் செனட்டராகப் புகழ்பெற்ற ஹோசே டியோக்னோவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். பிறகு அமெரிக்காவின் ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்றார்.

1961-இல் கீழவை உறுப்பினரானார். சபா மீது பிலிப்பைன்ஸ் கொண்டாடிய உரிமையை 1963-இல் அவர் வாதாடி ஆதரித்தார். மலேசியர்கள் ஏற்க முடியாத வாதம் அது. ஆனாலும், தாம் நம்பியதைச் சட்ட நுணுக்கத்தோடு எடுத்துரைக்கும் அவரது ஆற்றலை அந்நாடு அப்போதே கண்டுகொண்டது.

பிலிப்பைன்ஸ் செனட் சபைக்கு 24 உறுப்பினர்கள். அவர்களுக்குத் தனித் தொகுதி கிடையாது. நாடு முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே அதில் முதலிடம் பெறுவது நாட்டின் தீர்ப்பைப் பெறுவதற்குச் சமம். சலோங்கா 1965, 1971, 1987 ஆகிய மூன்று தேர்தல்களிலும் முதலிடம் பெற்றார்.

அவற்றுள் 1971-ஆம் ஆண்டு வெற்றி இரத்தத்தில் தோய்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21-இல் மணிலாவின் பிளாசா மிராண்டா சதுக்கத்தில் நடந்த லிபரல் கட்சிக் கூட்டத்தில் கையெறி குண்டுகள் வீசப்பட்டன. 9 பேர் மாண்டனர். மேடையில் இருந்த சலோங்கா உயிர் பிழைத்ததே பெரும்பாடு. ஒரு கண்ணும் ஒரு காதும் பாதிக்கப்பட்டன. உடலில் தைத்த குண்டுத் துகள்கள் பல இறுதிவரை அகற்றப்படவில்லை. பிரச்சாரத்திற்குப் போக முடியாத நிலையிலும் மக்கள் அவரை முதல்வராகத் தேர்ந்தெடுத்தனர்.

குண்டு வீசியது யார்? பலரின் சந்தேகம் அதிபர் மார்க்கோஸ் மீதே விழுந்தது. மார்க்கோஸின் கடும் எதிரியான சலோங்காவோ, பின்னாளில் தமது வாழ்க்கை வரலாற்றில், அது கம்யூனிஸ்டுத் தலைமையின் செயலே என்று தாம் நம்புவதாக எழுதினார். அத்தரப்பு அதை மறுத்தது. பகைவன் என்பதற்காகவே ஒருவர்மீது பழிபோட அவர் விரும்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1972-இல் இராணுவச் சட்டம் வந்தது, நாடாளுமன்றம் மூடப்பட்டது. சலோங்கா அரசியல் கைதிகளுக்காகக் கட்டணமின்றி வாதாடினார். 1980-இல் தாமே கைதானார். 1981-இல் அமெரிக்கா சென்று, 1985-இல் நாடு திரும்பினார்.

1986-இல் மக்கள் எழுச்சி மார்க்கோஸை வெளியேற்றியது. புதிய அதிபர் கோரசோன் அகினோ, மார்க்கோஸ் குடும்பம் சுருட்டிய சொத்துகளை மீட்கும் ஆணையத்திற்குச் சலோங்காவைத் தலைவராக்கினார். சுவிட்சர்லாந்து வங்கிப் பணம் அவ்வாண்டே முடக்கப்பட்டது. அதில் 65 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட தொகை அரசுக்கே உரியது என 2003-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1987-இல் செனட் தலைவரான சலோங்காவுக்குப் பெரும் சோதனை 1991-இல் வந்தது. சுபிக் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் மேலும் 10 ஆண்டுகள் நீடிப்பதற்கான ஒப்பந்தம் செனட்டின் முன் வைக்கப்பட்டது. அதை ஆதரித்தவர் அவரை உயர்த்திய அதிபர் அகினோ. தளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஜூன் மாதம் பினாத்துபோ எரிமலை வேறு வெடித்து நாட்டை வாட்டியிருந்தது. ஆயினும் செப்டம்பர் 16-இல் 12-க்கு 11 என்ற கணக்கில் செனட் ஒப்பந்தத்தை நிராகரித்தது. அந்தப் பன்னிரண்டில் சலோங்காவின் வாக்கும் ஒன்று. இராணுவச் சட்டக் காலத்தில் மார்க்கோஸின் தற்காப்பு அமைச்சராக இருந்த என்ரிலேயும், பின்னர் அதிபரான எஸ்ட்ராடாவும் அன்று அவர் பக்கம் நின்றனர்.

விளைவு? 1992 நவம்பரில் அமெரிக்கப் படை சுபிக்கை விட்டு வெளியேறியது. அங்கிருந்த தளவாடப் பிரிவு ஒன்று சிங்கப்பூருக்கு இடம் மாறியது. சலோங்கா செனட் தலைவர் பதவியை இழந்தார். 1992 மே மாத அதிபர் தேர்தலில் எழுவரில் ஆறாவதாக வந்தார். செல்வந்தர்களின் ஆதரவு நழுவியதற்கு அந்த வாக்கும் ஒரு காரணம் எனப் பேசப்பட்டது. மும்முறை முதலிடம் தந்த அதே மக்கள், இம்முறை கைவிட்டனர்.

ஆனால், அவர் துணைநின்று உருவாக்கிய சட்டங்கள் தோற்கவில்லை. பொது ஊழியர் நன்னடத்தைச் சட்டம் 1989-இல் வந்தது. பொதுச் சொத்தைக் கொள்ளையடிப்போரைத் தண்டிக்கும் சட்டம் 1991-இல் வந்தது. அந்த இரண்டாவது சட்டத்தின்கீழ்தான் 2007-இல் எஸ்ட்ராடா குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஒப்பந்த வாக்கெடுப்பில் தோள் கொடுத்தவருக்கும் சட்டம் விலக்களிக்கவில்லை. அவ்வாண்டிலேயே அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது வேறு கதை.

அதே 2007-இல் சலோங்காவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. 2016 மார்ச் 10-இல், தமது 95-ஆம் வயதில் அவர் காலமானார். அதிபர் நாற்காலி அவருக்குக் கிட்டவில்லை. ஆனால், அந்த நாற்காலியில் அமர்பவரையும் கேள்வி கேட்கும் சட்டத்தை அவர் விட்டுச் சென்றார்.