தாமதமாக வந்த தபால்

2013 பிப்ரவரி 9, சனிக்கிழமை காலை. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்சல் குரு டெல்லி திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி நிராகரித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. உடலைச் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள். காஷ்மீரில் ஊரடங்கு. குடும்பத்துக்கு முறைப்படி தகவல் அனுப்பிவிட்டதாக அரசு சொன்னது. அனுப்பியது உண்மைதான், ஸ்பீடு போஸ்டில். அந்தக் கடிதம் அவர் மனைவியின் கைக்குக் கிடைத்தது திங்கட்கிழமை. மகனோடு போய்க் கடைசியாக ஒருமுறை பார்த்துவரவும், நீதிமன்றத்தின் கதவைத் தட்டவும் வழியில்லாமல் போனது. குற்றம் எதுவாக இருந்தாலும் இது கொடுமை. இன்னும் எத்தனை பேருக்கு இப்படி நடக்கப்போகிறது?

பதில் அதே வாரத்தில் வந்தது. 1993இல் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்த வழக்கில் சைமன், ஞானப்பிரகாசம், பிலவேந்திரன், மீசை மாதையன் என்று சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் கூட்டாளிகள் நால்வருக்கு மைசூர் தடா நீதிமன்றம் ஆயுள் தண்டனைதான் கொடுத்திருந்தது. மேல்முறையீட்டுக்குப் போன இடத்தில், 2004இல், உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக உயர்த்தியது. ஒன்பது ஆண்டு கிடப்பில் கிடந்த அவர்களுடைய கருணை மனு இப்போது நிராகரிக்கப்பட்டுவிட்டது. நால்வரும் இருந்தது பெல்காம் இண்டல்கா சிறையில். எந்தத் தேதி, எந்த வேளை என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. அப்சல் குருவுக்கு நடந்தது கண்முன் நிற்க, வழக்கறிஞர்கள் டெல்லிக்கு ஓடினார்கள். பிப்ரவரி 18 அன்று தூக்குக்குத் தடை கிடைத்தது. ஆனால் அது தற்காலிகத் தடைதான்.

ஏப்ரல் 12 அன்று இடி விழுந்தது. டெல்லி குண்டுவெடிப்புக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற தேவிந்தர்பால் சிங் புல்லர் வழக்கில், கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தாலும் பயங்கரவாதக் குற்றவாளிக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. அடுத்தடுத்து நிராகரிப்புகள் வந்தவண்ணம் இருந்தன. டெல்லியின் மனித உரிமை அமைப்பான பி.யு.டி.ஆர். தூக்குக் கைதிகளுக்காக உச்ச நீதிமன்றம் போனது. மனுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து விசாரித்த மூன்று நீதிபதிகளுக்குத் தலைமை ஏற்றவர், ஈரோடு மாவட்டத்திலிருந்து தலைமை நீதிபதி நாற்காலிவரை போன ப.சதாசிவம்.

அந்த விசாரணையில் சிறைக் கையேடுகளைப் புரட்டியபோதுதான் விபரீதம் தெரிந்தது. மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதியிடம் சொல்வதற்கும் தூக்கிலிடுவதற்கும் நடுவே எவ்வளவு அவகாசம் வேண்டும்? சில கையேடுகளில் அப்படி ஒரு விதியே இல்லை. சிலவற்றில் ஒரே ஒரு நாள். வேறு சிலவற்றில் இரண்டு வாரம். ஒருவர் எந்த மாநிலச் சிறையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய கடைசி அவகாசம் மாறிக்கொண்டிருந்தது!

2014 ஜனவரி 21 அன்று, அந்த மனுக்களெல்லாம் சேர்ந்த சத்ருகன் சௌகான் வழக்கில் தீர்ப்பு வந்தது. பாலாறு நால்வர் உட்பட 15 பேரின் தூக்கு, ஆயுளாகக் குறைந்தது. புல்லர் தீர்ப்பு சட்டப்படி சரியல்ல என்றார்கள் நீதிபதிகள். அதோடு சிறைகளுக்கு வழிகாட்டு நெறிகளையும் விதித்தார்கள். நிராகரிப்பை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இலவசச் சட்ட உதவி தர வேண்டும். மனநலத்தைப் பரிசோதிக்க வேண்டும். குடும்பத்தைச் சந்திக்க விட வேண்டும். அவற்றின் நடுவே இருந்தது, இன்று தூக்குத் தேதி குறிக்கும்போதெல்லாம் சர்வசாதாரணமாக எண்ணப்படும் அந்தக் கணக்கு: நிராகரிப்பைத் தெரிவித்த பின் குறைந்தது 14 நாள். மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளவும், உயில் எழுதவும், உறவுகளைப் பார்க்கவும், இன்னொரு முறை நீதிமன்றம் போகவும்.

அடுத்த மாதமே ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கும் அதே தீர்ப்பின் வழியில் ரத்தானது.

விதிக்குச் சோதனை 2015இல் வந்தது. ஜூலை 29 இரவு, மும்பை தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட யாகூப் மேமனின் இரண்டாவது கருணை மனு நிராகரிக்கப்பட்டது. விடிந்தால் தூக்கு. 14 நாள் கேட்டு வழக்கறிஞர்கள் தலைமை நீதிபதியின் வீட்டுக்கு விரைந்தார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மேல் உச்ச நீதிமன்றம் திறந்தது. முதல் மனு முன்பே நிராகரிக்கப்பட்டதால் மறுபடியும் அவகாசம் தேவையில்லை என்று சொல்லி, விடிவதற்குள் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். காலை ஏழு மணிக்குள் நாக்பூரில் தூக்கு முடிந்தது.

ஐந்தாண்டு கழித்து, டெல்லி மாணவி கூட்டு வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட நிர்பயா வழக்கு. நாடே ஆத்திரத்தில் இருந்தது. 2020 ஜனவரி 22க்குக் குறித்த தேதி, 17ஆம் தேதி ஒருவரின் கருணை மனு நிராகரிக்கப்பட்டதும் பிப்ரவரி 1க்கு மாறியது. அதுவும் தள்ளிப்போனது. கடைசிக் கருணை மனு மார்ச் 4 அன்று நிராகரிக்கப்பட்டது. டெல்லி நீதிமன்றம் மறுநாள் 14 நாளை எண்ணி, மார்ச் 20 என்று வாரண்டில் எழுதியது.