ஏடும் படியும்: மலையக வரலாற்றில் ஆவணக் காப்பு

நுவரெலியா மாவட்டத்திலே, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே அமைந்த புகையிரத நிலையம் வட்டகொடை ஆகும். இதனை அண்டிய மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவருமாவார். அவர் கண்ட காலம் ஒரு வினாவை எழுப்புகின்றது. ஒரு சமுதாயத்தின் சான்றுகள் எங்கே, எவர் கையில் இருத்தல் வேண்டும்? இன்று வீட்டுக்கோ வணிகத்துக்கோ இணையவழிக் காப்புப்படிச் சேவையொன்றைத் தெரிய முற்படுவோர்க்கும் இதுவே முதல் வினாவாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவர் தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கோரிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. 1964ஆம் ஆண்டளவில் அவ்வழியே பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. அச்சட்டங்களின் நோக்கம் அரசியல் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நோக்கம் நிறைவேறக் கருவியாயிற்று ஆவணமின்மை.

அவ்வின்மை எவ்வாறு நேர்ந்தது? தோட்டத்தில் நிகழும் பிறப்பினை அறிவிக்கும் பொறுப்புத் துரையிடம் இருந்தது. வேலைநாட்களைக் காட்டும் செக்றோல் புத்தகம் தோட்டத்து ஆபீஸில் இருந்தது. 1921இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறையிலே, கடன் தீர்ந்தால் தொழிலாளி விடுவிக்கப்படுவார் என்னும் சீட்டினை எழுதியவரும் துரையே. உழைத்தவர் வரலாறு எழுதப்படாமல் இல்லை. எழுதப்பட்ட ஏடு அவர் கையில் இல்லை. ஏட்டின் படியும் வேறிடத்தில் இல்லை.

படியெடுத்தலின் பயனைத் தமிழர் நன்கறிவர். ஓலைச்சுவடிகள் பல ஊர்களிற் படியெடுக்கப்பட்டிருந்தமையாலேயே, உ. வே. சாமிநாதையர் பிரதிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தல் கைகூடிற்று. இதற்கு மாறாக, 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடங்களில் படியுள்ள நூல்களை மீண்டும் வாங்கலாம். படியற்ற சுவடிகளை எவர் தருவார்? 2005இல் தோன்றிய நூலகம் என்னும் மின்நூலகம், மலையக வெளியீடுகள் உட்பட ஈழத்து நூல்களை மின்வடிவிற் காத்து வருவது இவ்விழப்பின் பின்னணியில் நோக்கத்தக்கது.

எனினும் மின்வடிவம் தன்னளவிற் காப்பு ஆகாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணிமை மீது கப்பம் கோரும் தீநிரல் தாக்குதல் நிகழ்ந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அக்காலப் பகுதிக்குரிய, தாக்குதல் எட்டாத வேறொரு படி இருக்கவில்லை. தோட்டத்து ஆபீஸின் ஒற்றை ஏட்டுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடில்லை.

ஆகவே சேவையைத் தெரிவோர் விலையையும் கொள்ளளவையும் மட்டும் நோக்குதல் போதாது. முதலாவது, ஒத்திசைத்தலும் காப்புப்படியும் ஒன்றல்ல. கணினியில் அழித்தது ஒத்திசைவுச் சேவையிலும் அழியும். ஆதலின் ஒரு கோப்பின் பழைய வடிவங்கள் எத்தனை நாள் பேணப்படும் என அறிதல் வேண்டும். இரண்டாவது, கோப்புகள் மறைகுறியாக்கப்படும்போது அதன் திறவுகோல் எவரிடம் உள்ளது என்பது. பயனரிடம் மட்டும் இருப்பின் இரகசியம் காக்கப்படும்; அதனைத் தொலைப்பின் மீட்பாரில்லை. மூன்றாவது, சேவை நின்றுபோகும் வாய்ப்பு. நிர்வானிக்ஸ் நிறுவனம் 2013இல் மூடப்பட்டபோது, தரவை அகற்ற வாடிக்கையாளர்க்கு முதலில் இரு வாரமளவே தரப்பட்டது. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகிள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. நான்காவது, மீட்டெடுத்தல். மலைப்பகுதியில் இணைய வேகம் குறைந்தவிடத்து, முழுத் தொகுதியையும் இறக்க எத்தனை நாள் செல்லும் எனச் சிறு கோப்பொன்றை மீட்டுச் சோதித்து அறிதல் நன்று.

மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையினர் கைக்கொள்ளும் நெறி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணிற் புதையுண்டமையை எண்ணுவோர், 'வேறிடம்' என்பதன் பொருளை எளிதில் உணர்வர். பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம், காணி உறுதி, கடைக் கணக்கு ஆகியன ஒரே றங்குப் பெட்டியிலோ ஒரே கைத்தொலைபேசியிலோ இருத்தல் தகாது. மூலப்பத்திரத்துக்குப் படி முற்றிலும் ஈடாகாதெனினும், இழந்ததை மீளப்பெற அது வழிகாட்டும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட அவ்வழக்கு உணர்த்துவது இதுவே: ஆவணத்தைப் பிறர் காக்கலாம்; அதனை மீட்கும் வழி உரியவர் கையில் இருத்தல் வேண்டும்.